மலையும் சக்கரமும்



திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலை ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளமுள்ளது. கல்லாற்றைக் கடந்த பின் அச்சாலை 22 கொண்டை ஊசி வளைவுகளாக மலைமேல் ஏறுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை நேரங்களில் அவ்வழியே செல்வோர் மோட்டார் சைக்கிள்கள் வரிசை வரிசையாக ஏறிச் செல்வதைக் காணலாம். அவற்றில் அமர்ந்திருக்கும் இளைஞர்களின் பேச்சைச் செவிமடுத்தால், மலையாளத்தோடு தமிழும் கலந்து ஒலிக்கும். 1990-இல் தோன்றிய டெக்னோபார்க்கில் பணி புரியும் நம்மவர் சிலர். நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் மாநில எல்லையைக் கடந்து வருவோர் சிலர். ஆறு நாள் உழைப்பின் அலுப்பை ஒரு நாள் மலைக்காற்றில் போக்கிக்கொள்ள எண்ணுவது இயல்பான ஆசையே. அதைக் குறை கூறுவது நமது நோக்கமன்று.

சாலை உள்ள மட்டும் பெரிய தொல்லை எதுவும் இல்லை. தார்ச்சாலை முடிகிற இடத்தில்தான் நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் தொடங்குகிறது. கண்ணுக்கெதிரே பச்சைப் புல்வெளி விரிந்து கிடக்கிறது. வேலி இல்லை, காவலரும் கண்ணில் படவில்லை. சற்றுத் தொலைவில் ஒரு மேடு. அதன் உச்சிக்கு ஏறினால் இருபுறமும் பள்ளத்தாக்குகள் தெரியும். வண்டியைச் சற்றே திருப்பி அந்த மேட்டில் ஏற்றினால் என்ன? யாருக்கு என்ன நஷ்டம்? இந்தக் கேள்வி நம்மில் பலருக்கு எழுந்திருக்கும். அதற்கு ஒரு விடை சொல்லவே இந்தச் சிறு உரை.

முதலில், அந்தப் புல்வெளி எத்தகையது என்று பார்ப்போம். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த சரிவுகளில் புல்வெளியும், அதன் மடிப்புகளில் சோலைக்காடும் சேர்ந்தே அமைந்திருக்கின்றன. தொலைவிலிருந்து பார்ப்பவருக்குப் புல்வெளி வெறுந்தரையாகத் தோன்றும். உண்மையில் அது மழையை ஏந்தும் பஞ்சு போன்றது. பாறையின்மேல் படிந்துள்ள மண் அங்கே பெரும்பாலும் மிக மெல்லியது. அந்த மண்ணைப் பிடித்து நிறுத்துவது புல்லின் வேர். பெய்யும் மழை வேர்களின் இடையே மெதுவாக இறங்கி, மண்ணிலும் பாறை இடுக்குகளிலும் தங்கி, மழை நின்ற பிறகும் சிறுகச் சிறுக ஊற்றாகக் கசிகிறது. கோடையிலும் நமது ஓடைகளில் நீர் ஓடுவதற்கு இதுவே காரணம்.

இந்தச் சரிவில் ஒரு மோட்டார் சக்கரம் ஏறும்போது இரண்டு காரியங்கள் நிகழ்கின்றன. வண்டியின் பாரத்தால் மண் இறுகி, நீர் இறங்குவதற்கான நுண்ணிய துளைகள் அடைபட்டுப் போகின்றன. அதே வேளையில், பிடிப்பின்றிச் சுழலும் பின்சக்கரம் புல்லை வேரோடு கிழித்து எறிகிறது. அடுத்த மழையில், உள்ளே இறங்க வழியில்லாத நீர் அந்தச் சக்கரத் தடத்தையே வாய்க்காலாகக் கொண்டு ஓடுகிறது. ஓடும் நீர் மண்ணை அரித்துச் செல்கிறது. பருவம் தோறும் தடம் ஆழமாகிறது. பின்னால் வருகிறவர், பள்ளத்தில் வண்டி சிக்கும் என்று அஞ்சி, அதன் பக்கத்தில் புதிதாக ஒரு தடம் போடுகிறார். அதற்கடுத்தவர் அதற்கும் பக்கத்தில் போடுகிறார். ஒரு கை அகலமாக இருந்த காயம் சில ஆண்டுகளில் ஒரு மாட்டுவண்டிப் பாதையின் அகலத்துக்கு விரிந்து விடுகிறது. முதலில் சென்றவர் தாம் செய்ததை அறியவே மாட்டார். அவர் கண்டது ஒரு கோடு மட்டுமே.

பொறியாளர் கணக்கிட்டு, வடிகால் அமைத்து, கல் அடுக்கிக் கட்டிய சாலைகூட மலையில் மழைக்குத் தாங்காமற் போவதுண்டு. 2022-ஆம் ஆண்டு மழையில் பொன்முடிச் சாலையே ஒரு வளைவில் இடிந்து, சில காலம் மூடப்பட்டிருந்தது. கட்டிய சாலைக்கே இக்கதி நேருமானால், கணக்கின்றிக் கிழிக்கப்பட்ட புல்தரை எவ்வாறு தாங்கும்?

இனி, அந்த மழைநீர் எங்கே போகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். திருவனந்தபுரத்துக்குக் கிழக்கே உள்ள இந்த மலைகளின் மேற்குச் சரிவில் வாமனபுரம் ஆறு, கரமனை ஆறு, நெய்யாறு ஆகிய மூன்றும் பிறக்கின்றன. கரமனை ஆற்றின் குறுக்கே பேப்பாறையிலும் அருவிக்கரையிலும் உள்ள அணைகளிலிருந்துதான் திருவனந்தபுரம் நகருக்குக் குடிநீர் வருகிறது. மலை உச்சியில் அரிபடும் மண் இறுதியில் அணையின் அடியில் வண்டலாகத் தங்குகிறது. கரமனையிலும் வலியசாலையிலும் சாலைக் கடைவீதியிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் அருந்துவது அந்த நீரையே.

அதே மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் பிறப்பது நமது தாமிரபரணி. பொதிகையில் தோன்றி, பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கி, திருநெல்வேலிச் சீமையின் வயல்களை நனைத்து, மன்னார் வளைகுடாவில் கலக்கிறது அந்த ஆறு. நம்முள் பலர் அந்த நீரைக் குடித்து வளர்ந்தவர்கள். மலையின் முகட்டில் விழும் மழைத்துளி மேற்கே உருண்டால் மலையாளியின் வீட்டுக்கும், கிழக்கே உருண்டால் தமிழனின் வயலுக்கும் செல்கிறது. ஆகவே பொன்முடியிலோ போணக்காட்டிலோ வண்டியை விட்டு மலையைக் கிழிப்பவர் அயல் மாநிலத்தின் பொருளை மட்டும் அழிக்கவில்லை. தம் பிறந்த ஊரின் நீரைத் தரும் மலைக்கும் அவரே ஊறு செய்கிறார்.

இந்த மலைப்பகுதியின் அருமையை உலகமும் உணர்ந்திருக்கிறது. கேரளத்தின் நெய்யாறு, பேப்பாறை, செந்துருணி சரணாலயங்களையும் தமிழ்நாட்டின் களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தையும் உள்ளடக்கிய அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2001-இல் அமைக்கப்பட்டது. 2016-இல் யுனெஸ்கோ நிறுவனம் அதைத் தன் உலகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்தின் உச்சிக்குச் செல்ல விரும்புவோர் ஆண்டில் சில வாரங்களே, அதுவும் வனத்துறையின் அனுமதி பெற்று, வழிகாட்டியுடன் கால்நடையாகவே செல்ல வேண்டும். அங்கே கால்நடைக்கே கணக்கு உண்டு என்றால், சக்கரத்துக்கு எவ்வளவு கணக்கு வேண்டும்!

அங்கு வாழும் உயிர்களைப் பற்றியும் ஒரு சொல். பொன்முடிக்கு அருகே வரையாட்டுமொட்டை என்று பெயர் கொண்ட சிகரம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய வரையாட்டின் பெயரையே அது தாங்கி நிற்கிறது. செங்குத்தான பாறையும் அதை ஒட்டிய புல்வெளியும் சேர்ந்த இடமே வரையாட்டின் வீடு. எஞ்சின் முழக்கம் கேட்டால் அது மேய்ச்சலை விட்டுப் பாறைக்கு ஓடும். குட்டியுள்ள காலத்தில் இவ்வாறு அடிக்கடி விரட்டப்படும் மந்தை நல்ல மேய்ச்சல் நிலத்தையே துறந்துவிடக்கூடும். வரையாடாவது கண்ணில் படும். மழைக்காலத்தில் பாதையோரத்துத் தேங்கிய நீரில் முட்டையிடும் தவளைகள் நம் கண்ணில் படுவதே இல்லை. சேற்றைத் தெறிக்க விட்டு ஓட்டுவதை ஒரு விளையாட்டாகக் கருதுவோர், அந்தச் சேற்றில் ஒரு தலைமுறைத் தவளைகள் கிடக்கின்றன என்பதை அறிந்திருந்தால் அவ்வாறு செய்யார்.

சக்கரம் எடுத்துச் செல்வதும் உண்டு. கொண்டு வந்து சேர்ப்பதும் உண்டு. சமவெளியின் சாலையோரங்களில் மண்டியுள்ள உண்ணிச்செடியும், மலையாளிகள் கம்யூனிஸ்டுப் பச்சை என்று அழைக்கும் களையும் அயல் கண்டத்திலிருந்து வந்தவை. இவற்றின் விதைகள் டயர்ப் பள்ளங்களில் ஒட்டிய சேற்றோடு மலை ஏறுகின்றன. உழுதது போலக் கிழிந்து கிடக்கும் மண்ணில் விழும் களைவிதை, கிழியாத புல்தரையில் விழுவதைக் காட்டிலும் எளிதாக வேர் ஊன்றுகிறது.

மலையில் மனிதரும் வாழ்கின்றனர் என்பதை நாம் மறந்துவிடலாகாது. மலையின் இருபுறத்திலும் காணி மக்களின் குடியிருப்புகள் உள்ளன. 1987-இல் இந்த மலைக்கு வந்த அறிவியலாளர் குழு ஒன்றுக்கு வழி காட்டிய காணி இளைஞர்கள், களைப்பைப் போக்க ஒரு சிறு செடியின் காயைத் தின்றதையும், அக்குழுவினருக்கும் அதைக் கொடுத்ததையும் நேயர்களில் சிலர் படித்திருக்கலாம். ஆரோக்கியப்பச்சை என்னும் அந்தச் செடியிலிருந்துதான் பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் பிற்காலத்தில் ஜீவனி என்னும் மருந்தை உருவாக்கிற்று. காட்டின் நிழலில், தரையோடு தரையாக வளரும் செடி அது. அறியாதவர் காலடியில் அது வெறும் புல்பூண்டு. சக்கரத்தின் அடியில் அதுவும் இல்லை.

காட்டின் உட்புறக் குடியிருப்புகளுக்குச் செல்லும் வழி பல இடங்களில் ஒரே ஒரு மண்பாதைதான். அரிசி வருவதும், பிள்ளைகள் பள்ளிக்குப் போவதும், நோயாளியை ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதும் அந்தப் பாதை வழியேதான். மழையில் நனைந்து ஊறிய பாதையை வேடிக்கைக்காகப் பத்து வண்டிகள் உழுதுவிட்டுப் போனால், மறுநாள் வரும் நோயாளியின் ஜீப் சேற்றில் புதைந்து நிற்கும். நமக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அங்குள்ள ஒரு தாய்க்கு அது பிரசவ நாளாக இருக்கலாம்.

இப்போது முதற் கேள்விக்குத் திரும்புவோம். அந்த நிலம் யாருடையது? தமிழிலும் மலையாளத்திலும் புறம்போக்கு என்றொரு சொல் உண்டு. தனியார் பட்டாவுக்கும் வரிவிதிப்புக்கும் புறம்பாக, குளம், மேய்ச்சல், வழி முதலிய பொதுப் பயன்களுக்கென விடப்பட்ட நிலமே புறம்போக்கு. ஊர்ப் பொதுச்சொத்தைக் குறித்த அந்த மதிப்புள்ள சொல் இன்று வசைச் சொல்லாக மாறிவிட்டது. சொல்லின் வீழ்ச்சியோடு நம் எண்ணமும் வீழ்ந்துவிட்டது. யாருடைய பெயரிலும் இல்லாத நிலம் யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று நாம் எண்ணத் தொடங்கிவிட்டோம். உண்மையோ அதற்கு நேர் எதிரானது. எல்லாருக்கும் சொந்தமான பொருளில் ஒருவர் இஷ்டம் போல் எடுத்துக்கொள்ளும் உரிமை கிடையாது.

சட்டமும் இதையே கூறுகிறது. சரணாலயங்களுக்குள் அனுமதியின்றி நுழைவதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. காப்புக்காடுகளில் அத்துமீறி நுழைவது 1961-ஆம் ஆண்டின் கேரள வனச் சட்டப்படி குற்றம். மாநில அரசின் எழுத்து மூலமான இசைவின்றிப் பொது இடங்களில் வண்டிப் பந்தயம் நடத்துவதும் அதில் கலந்துகொள்வதும் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி தண்டனைக்குரியவை. உற்பத்தியாளர் அமைத்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்திக்கொள்ள இடமில்லை என்று, கேரளத்திலிருந்து சென்ற வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 மே மாதத்தில் இடுக்கி மாவட்டம் வாகமண்ணில், தனியார் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நடந்த ஜீப் ஓட்டமே அனுமதியற்றதென்று அதிகாரிகளின் நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. தனியார் நிலத்திலேயே கட்டுப்பாடு உண்டெனில், பொது நிலத்தைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மோட்டார் சைக்கிளும் ஜீப்பும் பொது நிலங்களில் பெருகியபோது, 1972 பிப்ரவரியில் அதிபர் நிக்ஸன் ஓர் ஆணை பிறப்பித்தார். மண்ணுக்கும் நீர்ப்பிடிப்புக்கும் வனவிலங்குக்கும் கேடு மிகாதபடி, எந்தப் பாதையில் வண்டி செல்லலாம், எதில் செல்லலாகாது என்று குறித்து அறிவிக்க வேண்டுமென்பது அதன் சாரம். 1985-இல் அந்நாட்டு வனத்துறை, மென்மையாக நடந்து செல்லுங்கள் என்னும் பொருள்படும் பெயருடன் ஓர் இயக்கத்தைத் தொடங்கி, ஓட்டுபவர்களுக்கே பொறுப்பைக் கற்பிக்க முற்பட்டது. ஐஸ்லாந்து நாட்டிலோ பாதையை விட்டு விலகி வண்டி ஓட்டுவதே சட்டவிரோதம். அங்கே கிழிபட்ட பாசித்தரை மீண்டும் மூட மிக நீண்ட காலம் பிடிக்கிறது.

அப்படியானால் இளைஞர்களுக்குக் கரடுமுரடான பாதையில் வண்டி ஓட்டும் இன்பமே கூடாதா? அவ்வாறு நாம் கூறவில்லை. நிலம் தாங்கும் இடமும் உண்டு. கண்ணூர் மாவட்டத்து முழப்பிலங்காட்டில் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலலை இறுக்கிய மணலில் வண்டி ஓட்ட இடம் தந்திருக்கிறார்கள். சூரியநெல்லியிலிருந்து தமிழ்நாட்டு எல்லையிலுள்ள கொழுக்குமலைக்குப் பாறை நிறைந்த பாதையில் உள்ளூர் ஓட்டுநர்கள் ஜீப்பில் அழைத்துச் செல்கிறார்கள். தடமும் ஒன்றே, ஓட்டுபவர் அதன் ஒவ்வொரு கல்லையும் அறிந்தவர், கிடைக்கும் கூலியும் அந்த ஊரிலேயே தங்குகிறது. இவ்வாறு அனுமதி பெற்ற இடங்கள் பெருக வேண்டுமானால், இருக்கும் இடங்களில் நாம் ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும். ஒரு குழு செய்யும் பிழைக்காக அடைக்கப்படும் கதவு, பிழை செய்யாத நூறு பேருக்கும் சேர்த்தே அடைபடுகிறது.

ஆகவே, மலைக்குச் செல்லும் அன்பர்கள் சில முறைகளை மனத்திற்கொள்வது நன்று. புறப்படுமுன் வழியைப் பற்றி வனத்துறையினரிடமோ ஊராட்சியிலோ விசாரித்தறிய வேண்டும். கூடாது என்றால் வாதாடாமல் திரும்ப வேண்டும். இருக்கும் தடத்திலேயே செல்ல வேண்டும். பள்ளத்தைத் தவிர்க்கப் புல்லில் இறங்கலாகாது. பள்ளம் தாண்ட முடியாததாயின், வண்டியை நிறுத்திவிட்டு நடந்து செல்லலாம். நடப்பதில் இழுக்கொன்றும் இல்லை. மழையில் ஊறிய மண்பாதையில் வண்டி விடாதிருப்பது நலம். கோடையில் காய்ந்த புல்லின்மேல் சூடேறிய சைலன்ஸரோடு வண்டியை நிறுத்துவது தீயை அழைப்பதாகும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில், நடந்து சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காய்ந்த மலைச்சரிவில் தீ எவ்வளவு விரைந்து பரவும் என்பதற்கு அந்தத் துயரம் சான்று.

புறப்படுமுன் சக்கரத்தைக் கழுவிவிட்டுச் செல்வது களைவிதை மலை ஏறுவதைத் தடுக்கும். ஆனால் ஓடையில் இறங்கி வண்டியைக் கழுவுவது, கீழே உள்ளவர் குடிநீரில் எண்ணெயைக் கலப்பதற்கு ஒப்பாகும். எதிரே நடந்து வருவோரையோ ஆடுமாடுகளையோ கண்டால் எஞ்சினை நிறுத்தி வழி விட வேண்டும். கொண்டு சென்ற பிளாஸ்டிக் பையும் பாட்டிலும் நம்மோடு திரும்ப வேண்டும். மற்றொன்று இக்காலத்துக்கே உரியது: தடை செய்த பாதையில் ஓட்டியதைக் கைப்பேசியில் படமெடுத்துப் பரப்பலாகாது. ஒருவர் போட்ட தடத்தை விட அவர் பரப்பிய படம் அதிகத் தீங்கு செய்யும். அதைக் கண்டு அடுத்த வாரம் ஐம்பது பேர் வருவார்கள்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நமக்கு இதில் தனிப்பட்ட பொறுப்பு ஒன்று உண்டு. பெங்களூரில் இருப்போர் குடகுக்கும் சிக்மகளூருக்கும் செல்கின்றனர். மும்பையில் இருப்போர் சகியாத்திரிக்கும், தில்லியில் இருப்போர் இமயச் சாரலுக்கும் செல்கின்றனர். எங்கே சென்றாலும், நம் வண்டியின் எண்பலகையோ நம் வாய்மொழியோ நாம் எந்நாட்டார் என்பதை முதலில் அறிவித்துவிடுகிறது. ஊரார் நம் பெயரைக் கேட்பதில்லை. தமிழ்நாட்டுக்காரர் வந்தார், இவ்வாறு செய்தார் என்றே பேசுகின்றனர். அந்த ஊரில் பல்லாண்டுகளாக உழைத்து நற்பெயர் ஈட்டிய தமிழ்க் குடும்பத்தின் கணக்கில் நமது ஒரு நாள் விளையாட்டும் எழுதப்படுகிறது. அவ்வூர் மொழியில் வழி கேட்கவும் நன்றி கூறவும் நாலு சொல் கற்றுக்கொண்டு சென்றால், மூடியிருக்கும் பல வாயில்கள் தாமாகத் திறக்கும். சோதனைச் சாவடியில் உள்ள காவலர் நமக்கு எதிரியல்லர். நாம் குடிக்கும் நீருக்கும் அவரே காவல்.

முடிவாக ஒரு செய்தி. நாம் பொதிகை என்று வழங்கும் மலைக்குப் பழந்தமிழ் நூல்களில் பொதியில் என்று பெயர். அதே நூல்களில், ஊரார் அனைவரும் வந்து கூடும் மன்றத்தையும் பொதியில் என்ற சொல்லாலேயே குறித்தார்கள். மலைக்கு அப்பெயர் வந்த காரணத்தை அறிஞர்கள் ஆராயட்டும். நமக்கோ அந்த ஒற்றுமையே ஒரு நல்ல பாடமாக அமைகிறது. மன்றத்துக்குள் யாரும் வரலாம். அதன் நிழலில் அமர்ந்து இளைப்பாறலாம். ஆனால் மன்றத்தின் தரையைப் பெயர்த்துக்கொண்டு செல்பவரை எந்த ஊரும் பொறுத்துக்கொண்டதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொன்முடியின் மேல் வண்டியை நிறுத்தி, புல்வெளியைப் பார்த்தபடி நிற்கும்போது, நம் பொது மன்றத்தின் வாயிலில் நிற்கிறோம் என்ற நினைவு நமக்கு வரட்டும்.